புத்தகத்தின் நேரமும் அத்தையின் முழங்காலும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு சகோதரி ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 41. தனியார் பள்ளி ஆசிரியை. கணவருக்கு மாங்காய் மண்டி. மகள் ஒன்பதாம் வகுப்பு, மகனுக்கு ஏழு வயது. நாத்தனார் அமெரிக்காவில், ஃபுளோரிடா மாநிலத்து டாம்பாவில் இருக்கிறார். பல வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தவர், இந்த வருடம் "அம்மாவையும் கூட்டிட்டு வந்தே ஆகணும்" என்று ஒரே பிடியாக நிற்கிறார். சித்திரை முதல் ஆடி வரை மண்டியை விட்டு அசைய முடியாது என்பதால், செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையை ஒட்டிப் பதினைந்து நாள் பயணம். அதில் நான்கு நாள், நான்கு பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் சேர்ந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்கு.

சிக்கல் ஒரு புத்தகத்தில் தொடங்கியிருக்கிறது. நாத்தனாரின் அலுவலகத் தோழி ஒருவர் கொடுத்த தலையணை கனத்துக்கு ஒரு வழிகாட்டி நூல், 2019-ஆம் ஆண்டுப் பதிப்பு. அது வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, மண்டிக் கணக்கை மூடியதும் கணவர் அதைத் திறந்துவிடுகிறார். "நாலு முழு வெள்ளைத்தாளில் கோடு போட்டு டைம்டேபிள் எழுதி வைத்திருக்கிறார் டாக்டர். 5.15 எழுந்திருக்கணும், 6.00 கார், 7.30 பார்க்கிங், 8.00 கேட். எந்த ரைடுக்கு எத்தனை நிமிஷம், எங்கே சாப்பாடு, எங்கே பாத்ரூம் எல்லாம் இருக்கு. அத்தைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: 'அம்மா - வீல்சேர். க்யூ கிடையாது.'"

அத்தைக்கு, அதாவது கணவரின் அம்மாவுக்கு, வயது 67. பாலக்கோடு பக்கத்துக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. போன தை மாதம் நெஞ்சுவலி வந்து, இதய ரத்தக் குழாய் அடைக்காமல் திறந்திருக்க ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். முழங்கால் வலி உண்டு. அதோடு, ஃபுளோரைடு தண்ணீர் குடித்து முதுகு விறைத்துப்போய், யாராவது பின்னால் கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்போடு திரும்புகிறார். ஆனாலும் தெரு முழுக்க "எம் பையன் என்னை பிளேன்ல கூட்டிட்டுப் போறான்" என்று சொல்லி முடித்தாயிற்று. இப்போது கணவர், "நாலு நாளும் அம்மா தங்கச்சி வீட்டுலேயே இருக்கட்டுமே" என்று ஆரம்பித்திருக்கிறார். அது காதில் விழுந்து, அத்தை அன்று இரவு சாப்பிடவில்லை.

சகோதரியின் கேள்விகள் இவை. அத்தை அவ்வளவு தூரம் பறக்கலாமா, நடக்கலாமா? பூங்காவுக்குப் போகும் நாளில் அவரை நாத்தனார் வீட்டில் விட்டுப்போவது பாவமா? 109 செ.மீ. உயரமுள்ள மகனை 112 செ.மீ. கேட்கும் ரைடில் ஏற்றக் கணவர் அடி கனத்த ஷூ வாங்கி வைத்திருக்கிறாரே, பரவாயில்லையா? "எமர்ஜென்சின்னா அங்கே எந்த ஆஸ்பத்திரியும் பார்த்துத்தான் ஆகணும், இன்ஷூரன்ஸ் சின்னதா போட்டா போதும்" என்று நாத்தனார் சொல்வது சரியா? கடைசி வரி: "இந்தப் புத்தகத்தைத் தூக்கி அடுப்பில் போடலாமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

போட வேண்டாம். எட்டு மாதத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு முன்பின் தெரியாத நாட்டில் நாலு நாள் சுற்ற நினைக்கும் ஒருவர், இரவில் உட்கார்ந்து படிக்கிறார் என்பதே எனக்கு நிம்மதியாக இருக்கிறது. ஒன்றும் படிக்காமல் கிளம்பிப் போய்த் திரும்பி வந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உங்கள் கணவரின் தவறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் யாருடைய உடம்பை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்று அவர் கேட்டுக்கொள்ளவில்லை. முப்பதுகளில் இருக்கும் அமெரிக்க அப்பா அம்மா, இரண்டு பிள்ளைகள், பூங்காவுக்குப் பக்கத்திலேயே ஓட்டல் அறை, இரவில் நல்ல தூக்கம். நீங்களோ கிருஷ்ணகிரியில் வீட்டைப் பூட்டி, தேவனஹள்ளியில் இருக்கும் பெங்களூரு விமான நிலையம் போய், இடையில் விமானம் மாறி, ஒரு நாளுக்கும் மேல் பயணம் செய்து இறங்குகிறீர்கள். அந்தச் சமயத்தில் ஃபுளோரிடா நேரம் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால். அங்கே காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்கும்போது அத்தையின் உடம்புக்கு மாலை ஐந்தரை. முதல் மூன்று நான்கு நாள் டைம்டேபிளே வேண்டாம். நாத்தனார் வீட்டில் தூங்கி எழுந்த பிறகு பூங்காவை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறுகாய்ப் பக்கம், பால் பக்கம்

இந்த மாதிரிப் புத்தகத்தில் சில பக்கங்கள் ஊறுகாய் மாதிரி, வருடக்கணக்கில் கெடாது. சில பக்கங்கள் பால் மாதிரி. உங்கள் கணவரின் நாலு தாளில் பாதி, திரிந்த பாலில் போட்ட காபி.

2019 பதிப்பில் இருக்கும் 'ஃபாஸ்ட்பாஸ்' என்ற இலவச முன்பதிவு முறை 2021-லேயே போய்விட்டது. இன்று வரிசையைக் குறைக்க வேண்டுமானால் 'லைட்னிங் லேன்' என்பதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். பூங்காவின் சொந்த ஓட்டல்களில் தங்குபவர்கள் ஏழு நாள் முன்பும், மற்றவர்கள் மூன்று நாள் முன்பும் செயலியில் பதிவு செய்யலாம். உங்கள் மகள் ஆசைப்படும் 'ஸ்பிளாஷ் மவுண்டன்' 2023 ஜனவரியில் மூடப்பட்டு, 2024 ஜூனில் அதே இடத்தில் 'டியானாஸ் பயூ அட்வென்ச்சர்' என்று வேறு கதையோடு வந்திருக்கிறது. 'அம்மா ஓய்வு' என்று அவர் மூன்றாவது தாளில் குறித்திருக்கும் டாம் சாயர் தீவு 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. அதாவது, அத்தையை உட்காரவைக்கப் போட்ட ஒரே திட்டமும் இல்லாத ஒரு தீவில் இருக்கிறது.

கெடாத பக்கங்களும் உண்டு. முற்பகலுக்குள் முக்கியமானதை முடி, மத்தியானம் அறைக்குப் போய்த் தூங்கு, சாயங்காலம் திரும்பி வா என்பது எந்தப் பதிப்பிலும் பழுதில்லாத யோசனை. ஆனால் அறை பக்கத்தில் இருந்தால்தான் அது நடக்கும். டாம்பாவிலிருந்து தினமும் போய்வந்தால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை. மத்தியானத் தூக்கம் காரில்தான். இந்த ஒரு காரணத்துக்காகவே பூங்காவுக்குப் பக்கத்தில் இரண்டு இரவு அறை எடுங்கள். நான்கு நாள் டிக்கெட்டை இரண்டாகவோ மூன்றாகவோ குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும். பத்து வயது நிறைந்த எல்லோருக்கும் பெரியவர் கட்டணம். அத்தைக்கும் நாலு நாள் டிக்கெட் எடுத்துவிட்டு அவரை நிழலில் உட்காரவைப்பது மண்டிக்காரர் செய்கிற வியாபாரம் இல்லை.

செப்டம்பர் கடைசியில் கூட்டம் குறைவு என்று புத்தகம் சொல்வதும் பெரும்பாலும் இன்றும் சரி. அங்கே பள்ளிகள் திறந்துவிடுகின்றன. மாங்காய் சீசன் உங்களுக்குச் செய்த நல்லது இது. கூடவே, அது சூறாவளிக் காலமும்கூட. ஜூன் முதல் நவம்பர் வரை. 2022 செப்டம்பர் 28, 29 தேதிகளில் 'இயன்' புயலுக்கும், 2024 அக்டோபர் 10 அன்று 'மில்டன்' புயலுக்கும் நான்கு பூங்காக்களையும் மூடினார்கள். இரண்டுமே நம் காலாண்டு விடுமுறையை ஒட்டிய நாட்கள். பயப்படச் சொல்லவில்லை. திரும்பப் பெற முடியாத ஓட்டல், விமான டிக்கெட் எடுக்காதீர்கள். விசா கைக்கு வருவதற்கு முன் எதையுமே எடுக்காதீர்கள்.

இன்னொன்றும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களில் சில இரவுகளில், நான்கு பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டத்தில் ஹாலோவீன் விருந்து என்று தனி டிக்கெட் போடுவார்கள். அன்றைக்குச் சாதாரண டிக்கெட்காரர்கள் மாலை ஆறு மணிக்கு வெளியே. இரவு வாணவேடிக்கை என்று அவர் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் நாள் அப்படிப்பட்ட நாளா என்று பூங்காவின் நாட்காட்டியைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அத்தையின் உடம்பு என்ன கேட்கிறது

விமானத்தைப் பற்றிப் பெரிய கவலை வேண்டாம். ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் ஆகி, நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல், ஒரு மாடி ஏறி இறங்க முடிகிறது என்றால் பெரும்பாலான இதய மருத்துவர்கள் பறக்கச் சம்மதிப்பார்கள். 'பெரும்பாலான' என்றுதான் சொல்கிறேன். உங்கள் அத்தைக்கு வைத்தவர் பார்த்துச் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளையும் ஊர் மாறும் குழப்பத்தில் ஒரு நாள்கூட விடக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்வதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, மாத்திரையைத் தானாக நிறுத்துவது. விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும். நடக்க முடியாதபோது உட்கார்ந்தபடியே குதிகாலை ஊன்றிப் பாதத்தை மேலும் கீழும் அசைக்கட்டும். விமான நிலையச் சக்கர நாற்காலியை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுப் பதிவு செய்துவிடுங்கள்.

எனக்கு அதிகக் கவலை தருவது சர்க்கரை மாத்திரை. நீங்கள் அனுப்பிய சீட்டில் மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் இருக்கிறது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியில்லை. அதைப் போட்டுக்கொண்டு, சாப்பாடு தள்ளிப்போய், நடையும் கூடினால் இறங்கிவிடும்.

இது எனக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்த விஷயம் மட்டும் இல்லை. பல வருடத்துக்கு முன் என் அப்பாவையும் பிள்ளைகளையும் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். உங்கள் கணவரைப் போலவே வரைபடம், வரிசை, நேரம் எல்லாம் என் சட்டைப்பையில். தர்மபுரியிலிருந்து விடியற்காலையில் கிளம்பியதால் அப்பா வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "இட்லியை வழியில பாத்துக்கலாம்" என்றேன். வழியில் நிற்கவில்லை, கேட் திறக்கும் நேரத்துக்கு அங்கே இருக்க வேண்டுமே. பதினொன்றரை மணிக்கு, மூன்றாவது வரிசையில் நிற்கும்போது, அப்பா ஒன்றும் சொல்லாமல் போய் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். வெயிலில் களைத்துவிட்டார் என்று நினைத்து விசிறினேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பேத்தி நீட்டிய மாம்பழச் சாறு டப்பாவில் உறிஞ்சு குழாயைக் குத்த முடியாமல் அவர் கை நடுங்கியதைப் பார்த்த பிறகுதான், நான் டாக்டர் என்பது எனக்கே ஞாபகம் வந்தது. சாறு உள்ளே போய்க் கால் மணியில் எழுந்து உட்கார்ந்தார். "உன் லிஸ்ட்ல அடுத்தது என்னடா?" என்று கேட்டார்.

ஆகவே, சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்த பிறகுதான் கிளிமிபிரைடு. சாப்பாடு இல்லையென்றால் அந்த வேளை மாத்திரையும் இல்லை. நேரம் மாறும் முதல் இரண்டு நாளைக்கு அளவைக் குறைக்கலாமா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். குளுக்கோமீட்டர், சர்க்கரை மிட்டாய், பிஸ்கட் அத்தையின் மடியிலேயே இருக்கட்டும், கணவரின் முதுகுப்பையில் வேண்டாம். அவர் வேறு ரைடில் இருப்பார். அந்தப் பூங்காக்களில் வீட்டுச் சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் கூடாது. புளிச்சோறும் தயிர்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். புத்தகத்தின் ஓட்டல் பட்டியலைவிட அத்தைக்கு அது உதவும்.

"எங்க ஊரு வெயிலைப் பாத்தவங்களுக்கு அந்த வெயில் எம்மாத்திரம்" என்று கணவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். செப்டம்பர் கடைசியில் அங்கே 32 டிகிரிதான் இருக்கும். ஆனால் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் ஒருவர் அந்தப் புழுக்கத்தில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் தலைசுற்றி விழக்கூடும். பாத்ரூம் போக வேண்டியிருக்குமே என்று நம் பெண்கள் பயணத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இதில் உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

'வீல்சேர். க்யூ கிடையாது.'

இந்த வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். சக்கர நாற்காலியில் இருந்தால் வரிசை இல்லை என்பது பழைய நம்பிக்கை. இப்போது பெரும்பாலான வரிசைகள் சக்கர நாற்காலி போகும் அகலத்துக்குக் கட்டப்பட்டவை. எல்லோரோடும் சேர்ந்துதான் நகர வேண்டும். வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்கு வரச் சொல்லும் தனிச் சலுகை ஒன்று உண்டு. 2024 மே மாதத்திலிருந்து, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்குத்தான் அது என்று மாற்றிவிட்டார்கள். முழங்கால் வலிக்குக் கிடைக்காது.

அதற்காக நாற்காலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கே ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் நடப்பது சாதாரணம், கே.ஆர்.பி. அணைக்கு நடந்தே போவதுபோல. நாற்காலி அத்தையின் கால்களைக் காப்பாற்றும், நேரத்தை மிச்சப்படுத்தாது. தள்ளுவதற்கு ஓர் ஆளும் வேண்டும். நாலு தாளில் அந்த ஆள் யார் என்று எழுதவில்லை. நீங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதையும் பேசி எழுதிவிடுங்கள்.

எந்த ரைடு என்பதில் அத்தையின் முதுகுதான் முடிவு செய்ய வேண்டும். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஐம்பது அறுபது வயதைத் தாண்டிய பலருக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது நல்லது. ஆனால் அதற்கு முன் நாற்பது ஐம்பது வருடம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து எலும்பில் படிந்தது அப்படியே இருக்கும். முதுகெலும்பைச் சுற்றியுள்ள தசைநார்கள் சுண்ணாம்பாக இறுகிவிடும், தண்டுவடம் போகும் பாதையும் குறுகும். அப்படிப்பட்ட முதுகு ஒரு குலுக்கலை வாங்கித் தாங்காது, அப்படியே நரம்புக்குக் கடத்தும். புத்தகத்தில் 'எல்லா வயதினருக்கும்' என்று போட்டிருந்தாலும் சரி, குலுக்குகிற எதிலும் அவர் ஏற வேண்டாம். அனிமல் கிங்டத்தில் திறந்த லாரியில் விலங்குகளைக் காட்டும் சவாரிக்கு உயரக் கட்டுப்பாடு கிடையாது. ஆனால் மேடு பள்ளத்தில்தான் போகும். அத்தைக்கு ஆகாது.

அவருக்கு ஏற்றதும் அங்கே நிறைய இருக்கிறது. எப்காட் பூங்காவில் 'லிவிங் வித் த லேண்ட்' என்று ஒரு படகுச் சவாரி. மெதுவாக, நிழலில், உட்கார்ந்தபடியே கண்ணாடிக் கூடங்களுக்குள் போகும். மண்ணே இல்லாமல் வளர்த்த காய்கறிகள், அந்தரத்தில் தொங்கும் கொடிகள், தொட்டியில் மீன். பாலக்கோட்டுத் தக்காளித் தோட்டத்தில் வளர்ந்தவருக்கு அங்கே இருக்கும் எந்தக் கோட்டையையும்விட அதுதான் பேசக் கிடைக்கும். மேஜிக் கிங்டத்தில் உலகக் குழந்தைகள் பாடும் பொம்மைப் படகு, ஊர்வலம். போதும்.

என் யோசனை இது. எப்காட் ஒரு நாள் முழுக்க, மேஜிக் கிங்டம் அரை நாள், இவை அத்தையோடு. மற்ற நாள் அவர் மகள் வீட்டில். நாத்தனார் வீட்டில் விடுவது பாவமா என்று கேட்டிருந்தீர்கள். அது அவர் பெற்ற பெண்ணின் வீடு. வருடக்கணக்கில் பார்க்காத மகளோடு இரண்டு நாள் சமையலறையில் உட்கார்ந்து பேசுவது அவருக்குத் தண்டனை இல்லை. அன்று அவர் சாப்பிடாமல் படுத்தது வீட்டில் இருக்கச் சொன்னதால் மட்டும் இருக்காது. தன்னைக் கேட்காமல், தன் காதுபடவே முடிவு செய்ததால் என்று நினைக்கிறேன். புத்தகத்தில் படங்கள் இருக்கும் பக்கங்களைத் திறந்து அவர் முன்னால் வையுங்கள். "அத்தை, இதுல எதைப் பாக்கணும்?" என்று கேளுங்கள். மூன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அந்த மூன்றும் டைம்டேபிளில் முதலில் வரட்டும்.

ஷூவும் இன்ஷூரன்ஸும்

ஷூ விஷயத்தில் எனக்குக் கோபமே வந்தது. உயரக் கோடு தைரியம் பார்க்கப் போட்டதில்லை. மடியில் அழுத்தும் கம்பி எவ்வளவு உடம்பைப் பிடிக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்தக் கோடு. ஷூவால் கால் உயரும், உட்கார்ந்த பிறகு இடுப்பும் மார்பும் உயராது. திருப்பத்தில் கம்பிக்கும் பையனுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் என்ன ஆகும் என்று உங்கள் கணவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 109 செ.மீ. பையனுக்கு 97 கேட்கும் 'செவன் ட்வார்ஃப்ஸ்' ரயிலும் 102 கேட்கும் டியானாவும் திறந்தே இருக்கின்றன. 112 கேட்கும் 'ஸ்பேஸ் மவுண்டன்' அடுத்த முறை. அப்பாவும் அக்காவும் அதில் போக ஆசைப்பட்டால், வாசலில் இருப்பவரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒரு பெரியவர் பையனோடு வெளியே இருக்க, மற்றவர்கள் போய்வந்ததும் இவர் முழு வரிசையிலும் நிற்காமல் போகலாம். இது பழைய பதிப்பிலேயே இருக்கும், ஊறுகாய்ப் பக்கம்.

மகளுக்கு ஏற்காடு வளைவில் வாந்தி வரும் என்று எழுதியிருந்தீர்கள். திரையைப் பார்த்தபடி இருக்கை ஆடும் ரைடுகள்தான் அவளுக்கு எதிரி. மாத்திரை போட்டுப் பார்ப்பதானால் மருத்துவரைக் கேட்டு, இங்கேயே ஒரு விடுமுறை நாளில் போட்டுப் பாருங்கள். சிலர் அரை நாள் தூங்கிவிடுவார்கள்.

நாத்தனார் சொன்னது பாதி உண்மை. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவு, காசு இருக்கிறதா என்று பாராமல் பரிசோதித்து, உயிருக்கு ஆபத்தில்லாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இலவசமாக என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. பில் பிறகு வீடு தேடி வரும், ஆயிரக்கணக்கான டாலரில். ஆகவே இன்ஷூரன்ஸில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஸ்டென்டையும் சர்க்கரையையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். 'எழுதினா பிரீமியம் ஏறும்' என்று ஏஜென்ட் சொன்னாலும் எழுதுங்கள். மறைத்தால், பணம் கேட்கும் நாளில் அதைக் காட்டியே மறுப்பார்கள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள், வயதானவர்களுக்குத் தனி உச்சவரம்பு உண்டா என்ற இரண்டு கேள்விக்கும் பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது விமானம் ஏறாது.

மாத்திரைகள் பயண நாளோடு பத்து நாள் கூடுதலாக, இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டும் கைப்பையில். ரவுண்டானா பக்கத்து மெடிக்கலில் காலி அட்டையைக் காட்டி வாங்குவது அங்கே நடக்காது. மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதமும் ஸ்டென்ட் அட்டையின் நகலும் கூட இருக்கட்டும். நாத்தனாருக்கென்று பச்சைக் கறிவேப்பிலை, பழம், விதை எதுவும் பெட்டியில் வேண்டாம். ஊறுகாய், பொடி இருந்தால் சுங்க அதிகாரியிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

இந்த ஞாயிறு

டைம்டேபிளைத் திருத்துவதற்கு முன் ஒரு ஒத்திகை பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அணைப் பூங்காவுக்கு அத்தையைக் கூட்டிப்போங்கள். யாரும் அவசரப்படுத்த வேண்டாம். எத்தனை நிமிடம் நடந்து முதல்முறை உட்கார்ந்தார், எப்போது பாத்ரூம் கேட்டார், எப்போது பசித்தது, திரும்பி வந்து எவ்வளவு நேரம் படுத்தார் என்று உங்கள் கணவரே குறித்துக்கொள்ளட்டும். குறிப்பெடுப்பதில் அவர்தான் கெட்டிக்காரர். இன்னொரு வாரம் பிள்ளைகளை மட்டும், மைசூர் சாலையில் பிடதியில் 2005 முதல் இருக்கும் வொண்டர்லாவுக்கு அழைத்துப்போங்கள். எதில் பயப்படுகிறார்கள், எதில் வாந்தி வருகிறது என்பது டாலர் செலவில்லாமல் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பையும் அந்த நாலு தாளையும் எடுத்துக்கொண்டு, அத்தையோடு இதய மருத்துவரிடம் போங்கள். பறக்கலாமா, கிளிமிபிரைடை எப்படி மாற்றுவது, நடை எவ்வளவு என்று மூன்று கேள்வி. நெஞ்சில் இறுக்கமோ, நடக்கும்போது மூச்சிரைப்போ ஒருமுறை வந்திருந்தாலும் அதை அத்தையே மருத்துவரிடம் சொல்லட்டும். பயணம் நின்றுவிடுமோ என்று அவர் மறைக்கக்கூடும். அதனால் உள்ளே போவதற்கு முன், தேதி வேண்டுமானால் தள்ளிப்போகும், பயணம் நிற்காது என்று உங்கள் கணவர் வாயாலேயே அவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.